திரும்பக் கேட்காத பவர்

சொத்து ஒரு கரையில், சொத்துக்காரர் மறுகரையில். நாகூரில் பல குடும்பங்கள் தலைமுறைகளாக இப்படித்தான் நடந்தன. சபர் போன ஆண்கள், ஊர் வழக்கில் சபராளிகள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் திரும்ப வர வருஷக்கணக்காகும். இந்தப் போக்குவரத்தின் வயது தெரிய வேண்டுமானால் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்ப் பார்க்கலாம். 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்கா அங்கே இன்னும் நிற்கிறது. தர்காவைக்கூட நினைவிடமாகக் கடல் தாண்டிக் கொண்டுபோக முடிந்தது. வீட்டையும் கொல்லையையும் தென்னந்தோப்பையும் கொண்டுபோக முடியாதே. வரி கட்ட, வாடகை வாங்க, சுவர் இடிந்தால் எடுத்துக்கட்ட ஊரில் ஒரு கை வேண்டும். மச்சானுக்கோ தம்பிக்கோ ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள்.

என் பிழைப்பு சர்வர் பார்ப்பது. பவர் பத்திரத்தோடு எனக்கென்ன பேச்சு என்றால், நான் அன்றாடம் எழுதிக்கொடுப்பதும் பவர்தான். வாங்கிக்கொள்வது மட்டும் ஆள் இல்லை.

வெப்சைட் வைத்திருப்பவர் ராத்திரி பகலாகச் சர்வருக்குள் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலைக்கென்று உள்ளே ஒரு கணக்கு இருக்கும். சர்வீஸ் அக்கவுண்ட் என்போம். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் அதன் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. லாகின் செய்து உட்காரவும் வழி கிடையாது. உலகத்தில் யார் கேட்டாலும் பக்கத்தைத் தருவது, படிவத்தை வாங்கி வைப்பது, இரண்டுதான் அதன் வேலை. வெப் சர்வர் புரோகிராம் கிளம்பும்போது ரூட்டாகத்தான் கிளம்பும், அதாவது சர்வாதிகாரியாக. போர்ட் எனப்படும் வாசல்களில் 1024க்குக் கீழுள்ளவற்றைத் திறக்கும் உரிமை வழக்கமாக ரூட்டுக்குத்தான். 80ஆம் வாசலைத் திறந்ததும் வாடிக்கையாளரைக் கவனிக்கும் தன் பிள்ளைகளை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக இறக்கிவிடும். இறங்கிய பிள்ளை தானாக மறுபடி ரூட்டாக ஏற முடியாது. பதவியைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் ஜாதி இந்த நாட்டில் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

இப்படி அடக்கமாக ஆரம்பிக்கும் கணக்கைக் கெடுப்பது நாம்தான். முதலில் ஒரு படம் ஏறாது. ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். படங்கள் விழும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் வெப் கணக்கின் பெயருக்கு மாற்றி, அதற்குள் எந்தப் புரோகிராமும் ஓடாதபடி அடைத்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அவசரத்தில் இருக்கிறவர் 777 என்று அடித்துவிடுவார். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளருக்கு ஒரு 7, குழுவுக்கு ஒரு 7, மீதி எல்லோருக்கும் ஒரு 7. படம் ஏறிவிடும். படம் என்ற பெயரில் ஒரு பிஹெச்பி நிரலும் ஏறும், கூப்பிட்டால் ஓடும்.

அடுத்த கட்டம் இன்னும் பெரியது. வெப்சைட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சர்வரில் ஏதாவது நடக்க வேண்டும் என்பார்கள்: ஒரு சேவையை நிறுத்தி மறுபடி ஏற்றுவது, பேக்கப் எடுப்பது, புதுப் பயனரைச் சேர்ப்பது. இவையெல்லாம் பெரும்பாலும் ரூட் மட்டும் செய்யக்கூடிய காரியங்கள். ரூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்க ‘சூடோ’ என்றொரு கட்டளை. யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிவைக்கும் கோப்பு ‘சூடோயர்ஸ்’. அதைத் திருத்துவதற்கென்றே ‘விசூடோ’ இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கைவைக்காமல் பூட்டும். இலக்கணப் பிழை இருந்தால் சத்தம் போடும். பிழையைத்தான் பார்க்கும். எழுதியது மடத்தனமா என்று பார்க்காது.

அந்தக் கோப்பின் ஒரு வரியை நிதானமாகப் படித்தால் பத்திரத்தின் சாயல் தெரியும். யாருக்கு, எந்த இயந்திரத்தில், யார் பெயரில், எந்தக் கட்டளைக்கு என்று நான்கு கட்டம். நல்ல பத்திரத்தில் சர்வே நம்பரும் நான்கெல்லையும் இருப்பதுபோல, நல்ல வரியில் ஒவ்வொரு கட்டமும் குறுகலாக இருக்கும். நான் அதிகம் பார்த்தது வேறு வரி. முதல் கட்டத்தில் வெப் கணக்கின் பெயர், மீதி மூன்று கட்டத்திலும் ‘ஆல்’, நடுவில் ‘நோபாஸ்வேர்ட்’. எந்த இயந்திரமானாலும், எவர் பெயரிலும், எந்தக் கட்டளையும், கடவுச்சொல் கேட்காமல். வாடகை வசூலிக்க வந்தவனுக்கு வீட்டை இடிக்கவும் உரிமை.

கவனமாக எழுதியதுபோலத் தோன்றும் வரிகளும் உண்டு. கோப்பை நகலெடுக்கும் கட்டளைக்கு மட்டும் அனுமதி என்று இருக்கும். ரூட்டாக எதை வேண்டுமானாலும் நகலெடுக்க முடிகிறவனுக்கு சூடோயர்ஸ் கோப்பின் மேலேயே வேறொன்றை நகலெடுத்து மூட எவ்வளவு நேரமாகும்? விம் எடிட்டருக்கு மட்டும் என்று இருக்கும். விம்முக்குள் இருந்தபடியே, எந்தக் கட்டளையும் அடிக்க இடம் தரும் ஷெல்லைத் திறக்கலாம். குறுகலாகத் தருவது என்றால் கட்டளையின் பெயரைச் சொல்வது அல்ல. அந்தக் கட்டளையால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று திருடனின் மூளையோடு ஒரு முறை உட்கார்ந்து யோசிப்பது. என் வழக்கம் வேறு: வெப் கணக்குக்கு சூடோவே தருவதில்லை. அது ஒரு சீட்டு எழுதி ஓரிடத்தில் போட்டுவிட்டுப் போகட்டும். அதிகாரமுள்ள இன்னொரு சிறு நிரல் வந்து சீட்டைப் படித்து, அதில் இருப்பது தனக்குத் தெரிந்த நாலு வேலைகளில் ஒன்றா என்று பார்த்துச் செய்யட்டும். கேட்பது ஒன்று, செய்வது ஒன்று. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கக் கூடாது.

1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரையில் இதற்கான தத்துவம் வந்துவிட்டது: வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும், அதற்கு மேல் ஒரு பொட்டும் வேண்டாம். ஐம்பது வருஷமாகப் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்கின்றன, தேர்வில் கேட்கிறார்கள், எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். பிறகு வேலைக்கு வந்து ‘ஆல்’ போடுகிறார்கள்.

நாகப்பட்டினத்தில் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

“பவர் எழுத வர்றவங்க எல்லாருமே, ‘எல்லாத்தையும் போட்டுருங்க, ஒவ்வொன்னுக்கும் வந்து நிக்க முடியாது’ம்பாங்க தம்பி. வாடகை வாங்கத்தானே கேக்குறீங்க, அடமானம் வைக்கிறதெல்லாம் எதுக்குன்னா, ‘கிடக்கட்டும், நம்ம மச்சான்தானே’ம்பாங்க.”

“ரத்து எழுத வர்றவங்க?”

“ரத்துன்னு வந்தாலே வீட்டுல சண்டைன்னு அர்த்தம். நல்லாருக்கும்போதே ரத்து எழுதுன ஆள நான் பாத்ததில்ல.”

நான் தேடிக்கொண்டிருந்தது அவர் பேச்சில் இருந்தது. கொடுப்பதற்கு ஒரு வேளை இருக்கிறது. கப்பல் கிளம்பப்போகிறது, வெப்சைட் திறப்புவிழா நாளைக்கு, படம் ஏறவில்லை. கொடுத்தே ஆக வேண்டும். திரும்ப வாங்குவதற்கு அப்படி ஒரு வேளை வருவதே இல்லை. சபர் முடிந்து வந்து இறங்கியவர், வீட்டுக்குள் நுழைந்ததும் மச்சானைப் பார்த்துப் பவரைக் கொடு என்று கேட்பாரா? முகதாட்சண்யம் என்று ஒன்று இருக்கிறதே. கேட்டால் சந்தேகம் என்றாகிவிடும். பெட்டியில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

மனிதர்கள் இப்படித்தான் என்பது சட்டத்துக்குத் தெரியும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் நாம் கேட்க வெட்கப்படுவதைத் தானாகவே கேட்டு வைத்திருக்கிறது. அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக முகவரின் அதிகாரமும் முடிகிறது என்பது 201ஆம் பிரிவு. தானே செய்வதாக ஏற்ற வேலையை முகவர் வேறொருவர் தலையில் கட்டக் கூடாது, வழக்கமோ வேலையின் தன்மையோ இடம் தந்தாலொழிய, என்பது 190. ரத்து செய்தது முகவருக்குத் தெரியும் வரை அவரைப் பொறுத்தும், வெளியாருக்குத் தெரியும் வரை அவர்களைப் பொறுத்தும் அது நடப்புக்கு வராது என்பது 208. வெளிநாட்டில் கையெழுத்தான பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பவர் வைத்திருப்பவர் சொத்தைக் கிரயம் செய்ய வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று வேண்டும். அதுவும் முப்பது நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் எழுபது வயதுக்காரர் தான் இருப்பதை நிரூபிக்க வரிசையில் நிற்பது எரிச்சலான காரியம்தான். ஆனால் இறந்தவர் பெயரில் எத்தனை நிலம் கைமாறியிருந்தால் இப்படி ஒரு விதி வந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

சர்வருக்குள் 201ஆம் பிரிவு இல்லை. ஒருவர் ராஜினாமா செய்தால் அடையாள அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள், மின்னஞ்சலை மூடுகிறார்கள். அவர் வேலையில் இருந்தபோது உண்டாக்கிய சர்வீஸ் அக்கவுண்டில் அவர் பெயர் இல்லை. அதனால் யார் கண்ணிலும் படாது. ஒரு சர்வரைக் கைமாற்றி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த அநாதைகளைத்தான். ஒரு தடவை, குறுஞ்செய்தி அனுப்புவதற்காக உண்டாக்கிய கணக்கொன்று கிடைத்தது. குறுஞ்செய்தி கம்பெனியை மாற்றி வருஷங்கள் ஆகியிருந்தன. கணக்கின் சாவி இன்னும் செல்லும், சூடோயர்ஸில் மூன்று ‘ஆல்’. எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு நிறுவனத்தில் வந்த பதில்: “இருக்கட்டுமே சார், எதுக்கு வம்பு?”

இயந்திரத்திடம் முகதாட்சண்யம் கிடையாது. பறித்தால் அது கோபித்துக்கொள்ளாது, கல்யாணத்துக்கு வராமல் இருக்காது. அப்படியும் நாம் பறிப்பதில்லை. இங்கே தடுப்பது கூச்சம் இல்லை, பயம். இதை எடுத்தால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பதிவேடு இருக்கிறதே, சூடோவின் ஒவ்வொரு பயன்பாடும் அதில் விழுகிறதே, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பார்த்துத் துணியலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம்தான். ஆனால் எவ்வளவு நாளுக்கு? மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்குகள் உண்டு, மார்ச் கடைசியில் மட்டும் ஓடுபவை உண்டு. நாகூரில் இன்னொரு சிக்கல். தங்கும் விடுதிக்காரரின் முன்பதிவு வெப்சைட்டில் ஒரு கணக்கு தர்காவின் கந்தூரி விழாச் சமயத்தில் மட்டும் உயிர் பெறலாம். கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில். பிறைக் கணக்கு வருஷத்துக்கு 354 நாள்தான் என்பதால் கொடியேற்றம் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகரும். போன வருஷம் இதே மாதத்தில் என்ன ஓடியது என்று பார்த்து முடிவு செய்கிறவர் சந்தனக்கூடு அன்று தொலைபேசியை அணைத்து வைப்பது நல்லது. நான் எந்தக் கணக்கையும் முதலில் அழிப்பதில்லை, பூட்டி வைப்பேன். ஒரு முழுச் சுற்று யாரும் வந்து கதவைத் தட்டவில்லை என்றால்தான் அழிப்பது.

மச்சானுக்கும் சர்வீஸ் அக்கவுண்டுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. மச்சான் ஒருவருக்குத்தான் வேலை செய்கிறார். வெப் கணக்கு இரண்டு எஜமானர்களுக்கு: அதிகாரம் கொடுத்த சொந்தக்காரர், கட்டளை கொடுக்கும் ஊர்பேர் தெரியாத பார்வையாளர். நார்ம் ஹார்டி 1988இல் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்றில் இது அழகாக வருகிறது. டைம்ஷேர் கம்பெனியில் ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர். தன் பயன்பாட்டுக் கணக்கை எழுதிவைக்க ஒரு ஃபோல்டரில் எழுதும் உரிமையை அதற்குக் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களுக்கான பில் கோப்பும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது. கம்பைலரைப் பயன்படுத்திய ஒருவர், பிழைத்திருத்தத் தகவலை இந்தக் கோப்பில் எழுது என்று பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அவருக்கு அந்தக் கோப்பைத் தொட உரிமை இல்லை. கம்பைலருக்கு இருந்தது. எழுதியது, பில் போயிற்று. கம்பைலர் கெட்டதல்ல, அதை யாரும் உடைக்கவும் இல்லை. யாருடைய அதிகாரத்தில் யாருடைய சொல்லைக் கேட்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்ததும் இதே கதை, பெரிய அளவில். வெளியார் தாக்குதலைத் தடுக்க வைத்திருந்த காவல் மென்பொருளிடம் இருந்த அதிகாரத்தையே வெளியிலிருந்து ஒருவர் கடன் வாங்கினார். வாசலில் நிற்க வேண்டிய அந்தக் காவல்காரனுக்குச் சேமிப்புக் கிடங்குகளைப் பட்டியலிட்டுப் படிக்கவும் உரிமை கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அடுத்த வருஷம் 8 கோடி டாலர் அபராதம். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் ஒரு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் களவு போனது. பயனர் உண்டாக்குவது, எத்தனை தேடல் நடந்தது என்று பார்ப்பது போன்ற சில உரிமைகள்தான் அந்தக் கணக்குக்கு இருந்தன என்று காவல்துறை அப்போது விளக்கம் தந்தது. திருட்டு நடந்த பிறகு சொல்வதற்கு அப்படி ஒரு வாக்கியம் கைவசம் இருப்பது சாதாரண விஷயமல்ல.

காலத்தைக் குறித்துவிட்டுக் கொடுத்தால் போதுமே, நாள் முடிந்தால் தானாக விழுந்துவிடுமே என்று தோன்றும். அதற்கு ஊரிலேயே ஒரு பாடம் உண்டு. நாகூர் தர்காவின் நிர்வாகம் நீதிமன்றம் வகுத்த ஸ்கீமின்படி எட்டுப் பரம்பரை நாட்டாண்மைகளிடம் இருந்தது. தகராறு முற்றி, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரையும் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரையும் தற்காலிக நிர்வாகிகளாக அமர்த்தியது. கெடு நான்கு மாதம். நான்கு வருஷத்துக்கு மேல் ஓடியது. 2022இல் அதே நீதிமன்றம்தான் முடித்துவைத்துப் பொறுப்பை வக்ஃப் வாரியத்தின் பக்கம் திருப்பியது. அவர்கள் நிர்வாகத்தின் நல்லது கெட்டது என் பேச்சில்லை. எழுத்தில் கெடு இருந்தும், எழுதியது உயர் நீதிமன்றமாகவே இருந்தும், அது தானாக விழவில்லை. கெடு முடிந்த மறுநாள் கதவைத் திறக்க இன்னொருவர் தயாராக இருந்தால்தான் கெடுவுக்கு மதிப்பு.

எங்கள் தொழிலில் ஓரிடத்தில் மட்டும் இந்தக் கெடுச் சிக்கலை முரட்டுத்தனமாகத் தீர்த்திருக்கிறார்கள். வெப்சைட்டின் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்திலிருந்தே அதை 90 நாளுக்குத்தான் கொடுத்தது. 2025 ஏப்ரலில் சான்றிதழ் தருபவர்களும் பிரவுசர் கம்பெனிகளும் கூடி, அதிகபட்ச ஆயுளை 2026 மார்ச்சில் 200 நாள், 2027இல் 100, 2029இல் 47 என்று இறக்க முடிவெடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் மறந்துபோகும். 47 நாளுக்கு ஒரு தடவை என்றால் மனிதக் கையால் ஆகாது, இயந்திரத்திடம்தான் விட்டாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இதைச் சொன்னதும் பத்திரக்காரப் பெரியவர் கேட்டார், “அப்ப மாசாமாசம் அதைப் புதுப்பிக்கிறது யாரு?” அதற்கும் ஒரு நிரல்தான். சான்றிதழை வாங்கி வந்து வெப் சர்வரை மறுபடி ஏற்ற வேண்டும் என்பதால் அதற்கும் அதிகாரம் தேவை. பெரும்பாலான சர்வர்களில் அதை ரூட்டாகவே ஓட விட்டிருக்கிறோம்.